பூட்டிய வீட்டுக் கறிவேப்பிலை

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுங்கள். அந்த ஊரில் ஒரு சேவல் கூவினால் சத்தம் வள்ளியூரில் போய்த்தான் விழும். ஆரல்வாய்மொழிக்காரர்கள் விடிந்ததைத் தெரிந்துகொள்வது நாகர்கோவில் சேவலின் தயவில்.

அப்படிப்பட்ட காற்றுக்குக் குடையைத் தாரை வார்த்துவிட்டு, அடைக்கலம் ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றார். ஊர் தேவகோட்டை. வயது ஐம்பத்தாறு. குருவைத் தேடி வந்திருந்தார்.

குருவுக்கு நாற்பது வயதுதான். பெயர் குழல்வாய்மொழி. காற்றாலைகளின் காலடியில் வீடு. பின்கட்டில் குளிரூட்டிய ஓர் அறை. அறைக்குள் வகைக்கு ஒன்றாக டேட்டாபேஸ்கள். இனிப் பிழைக்காது என்று துணி போர்த்திக் கொண்டுவந்த டேட்டாபேஸை, "எந்திரி, நேரமாச்சு" என்று சொல்லியே எழுப்பி அனுப்பியவர் என்று பேச்சு. அவரிடம் ஒரு மெஷின் நிறுத்தாமல் ஓடிய காலத்தில், அதன்மேல் கூடு கட்டிய குருவி பேரன் பேத்தி எடுத்துவிட்டதாம். குருவிக் குடும்பம் வேறு இடம் பார்த்துப் போகிறவரைக்கும் அவர் அதை அணைக்கவில்லையாம்.

அடைக்கலமும் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாலு மாவட்டத்துக்கான ரத்ததானச் சங்கம் ஒன்றில் டேட்டாபேஸைக் கட்டிக் காத்தவர். யாருக்கு என்ன வகை ரத்தம், அவர் எங்கே இருக்கிறார், என்ன நோய் கண்டவர், எல்லாம் அதற்குள் இருந்தது. விலை உயர்ந்த டேட்டாபேஸ் அது. அடைக்கலம் அதைப் 'பெரியவர்' என்றே சொல்வார். பெரியவருக்கு வருஷா வருஷம் காணிக்கை கட்டி மாளாமல், காசு கேட்காத வேறொன்றுக்கு மாறுவதென்று சங்கம் முடிவு செய்தது. அதன் சின்னம் யானை. அதனால் அதன் பெயரும் யானை.

பெரியவரோடு இத்தனை காலம் வாழ்ந்தவருக்கு யானையின் குணம் பிடிபடவில்லை. ஒருவர் பெயர் தவறினால் ஓர் உயிர் தவறும். அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. வழியில சிரமம் இல்லியே?"

"இல்லை."

"கையில குடை இருந்ததா போன்ல சொன்னியளே?"

"இப்ப இல்லை."

"இத்தன நாள் இங்க தங்கப் போறிய. மதினிக்கு வருத்தம் இல்லியா?"

"இல்லை."

"கேட்டியளா?"

"எதுக்குக் கேக்கணும் டீச்சர்? உமையாள் ஒண்ணும் சொல்லலை."

குழல்வாய்மொழி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"காப்பி குடிங்க" என்றார்.

அடைக்கலத்திடம் ஒரு பழக்கம் இருந்தது. 'தெரியாது' என்கிற சொல் அவர் வாயில் வராது. இந்த நேரத்துக்கு பஸ் உண்டா என்று கேட்டால் "இல்லை" என்பார். சொல்லி வாய் மூடுமுன் அவர் முதுகுக்குப் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கும். அப்போதும் அவர் பஸ்ஸைத்தான் முறைப்பார்.

மறுநாள் காலை அறைக்குள் போனதும் முதல் மெஷினில் உட்கார்ந்து விரலைச் சொடுக்கினார். குரு கீபோர்டை உருவி எடுத்துக்கொண்டார்.

"இது யார் வீடு?"

"என்ன டீச்சர்?"

"நீங்க உக்காந்திருக்க மெஷின். இதுல யார் இருக்கா?"

அடைக்கலம் திரையைப் பார்த்தார். எல்லாத் திரையும் ஒரே கறுப்பு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒரு புள்ளி கண் சிமிட்டியது.

"கீபோர்டுல நாடா கட்டியிருக்கேன் பாருங்க. சிவப்புன்னா வேலைக்குப் போற மெஷின். ஒரு எழுத்து தப்பா அடிச்சாலும் யாருக்கோ வலிக்கும். பச்சைன்னா பழகுறதுக்கு. முதல்ல நாடா. பொறவு பேரு. அதுக்கும் பொறவுதான் விரல்."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றீங்க."

"சின்னப் பிள்ளை தெரியாத வீட்டு வாசல்ல நின்னு அழும் அண்ணாச்சி. பெரியவங்கதான் நேரா அடுப்படிக்குப் போயிருதாங்க."

பச்சை நாடா மெஷின்களில் ஒன்றுக்கு 'மீன்' என்று பெயர். அதில் பழகுவதற்காக அந்த ஊர் ஆடுகளின் பெயர்களையெல்லாம் குரு ஏற்றி வைத்திருந்தார்.

"ஆட்டுக்கெல்லாம் பேர் உண்டா?"

"பேர் இல்லாத ஆடு காத்துல பறந்து போனா, என்ன சொல்லிக் கூப்பிடுதது?"

விற்றுப்போன ஓர் ஆட்டின் பெயரை நீக்கச் சொன்னார் குரு. எந்த ஆடு என்று குறிப்பிட மறந்து, 'நீக்கு' என்று மட்டும் அடித்துவிட்டார் அடைக்கலம். ஊரில் ஓர் ஆடு மிச்சமில்லை.

அவர் பதறவில்லை. பெரியவர் வீட்டில் பழகியவர் அல்லவா? அங்கே 'உறுதி' என்று கடைசியாக ஒரு சொல் சொன்னால்தான் செய்தது செய்ததாகும். அதுவரைக்கும் எதையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சாவகாசமாக 'திரும்பு' என்று அடித்தார். மீன் பணிவாகக் கேட்டுக்கொண்டது. ஆடுகள் வரவில்லை.

"டீச்சர், ஆடு வரலை."

"வராது அண்ணாச்சி."

"நான் இன்னும் உறுதி சொல்லலையே?"

"பெரியவர் வீட்டுல பொண்ணு பாத்துட்டு, தட்டு மாத்துற வரைக்கும் பேச்சை மாத்திக்கிடலாம். மீன் வீட்டுல வாயத் தொறந்தாலே தாலி கட்டினாப்ல. 'பொறுங்க, யோசிச்சு முடிவு சொல்லுதேன்'னு நீங்களே முன்கூட்டிச் சொன்னாத்தான் அது பொறுக்கும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வாசல்லயே கேட்டிருக்கலாமே?"

அடைக்கலம் தொண்டையைச் செருமினார். "பரவாயில்லை. காலையில பேக்கப் எடுத்து வச்சிட்டேன்."

"பிரிச்சுப் பாத்தியளா?"

"எதுக்குப் பிரிக்கணும்? பத்திரமா இருக்கு."

"பிரிங்க."

பிரித்தார். பேக்கப்பின் பெயர் சரியாக இருந்தது. தேதி சரியாக இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டதால், பெயரை மட்டும் எழுதிவிட்டு வேலை நின்றுபோயிருந்தது. பெட்டியைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகியவர், பெட்டிக்குள் துணி வைத்தோமா என்று பார்க்கவில்லை.

குரு தன்னிடமிருந்த பேக்கப்பை எடுத்து, ஆளில்லாத வேறொரு மெஷினில் இறக்கினார். அடைக்கலத்தை உட்கார வைத்து, ஒவ்வோர் ஆட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட வைத்தார். கடைசி ஆடு வந்து சேர்ந்தபோது அடைக்கலத்தின் குரலும் ஆட்டுக் குரலாகியிருந்தது.

"சரியா இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"இப்பச் சொல்லுங்க, பேக்கப் இருக்குன்னு."

ஒருநாள் காலை அடைக்கலம் குருவின் எதிரே வந்து உட்கார்ந்தார். நேரடியாகக் கேட்டுவிடுவதென்று வந்திருந்தார்.

"டீச்சர், நாடா புரிஞ்சுது. மீன் புரிஞ்சுது. எனக்கு வேண்டியது யானை. பெரியவருக்கும் யானைக்கும் முக்கியமான வித்தியாசம் என்ன? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க போதும்."

குரு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"தாளிக்கணும் அண்ணாச்சி. ரெண்டு பக்கத்து வீட்டுலயும் கறிவேப்பிலை இருக்கான்னு பாத்துட்டு வாங்க."

அடைக்கலம் போனார். வலப்பக்கத்து வீட்டம்மா கையை விரித்து, "இல்லியே" என்றார். இடப்பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது.

"ரெண்டு வீட்டுலயும் இல்லை" என்று வந்து சொன்னார்.

குரு கறிவேப்பிலை இல்லாமலே தாளித்தார். ரசம் சப்பென்று இருந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள்.

சாயங்காலம் இடப்பக்கத்து வீட்டுத் தங்கபாக்கியம் கொல்லைக் கதவு வழியாக வந்தார். கை நிறையக் கறிவேப்பிலைக் கொத்து.

"காலையில அண்ணாச்சி வந்து கதவப் பாத்துட்டுப் போனாகளாமே. நான் கோயிலுக்குப் போயிருந்தேன். நம்ம மரத்த நீங்க பாத்ததில்லியே? காத்தடிச்சா வள்ளியூர் வரைக்கும் ரசம் மணக்கும். அங்க யாரும் கறிவேப்பிலை வாங்குறதே இல்ல."

அடைக்கலம் விழுந்து விழுந்து சிரித்தார். "அடடா! வீடு பூட்டியில்ல கிடந்துச்சு!"

"பூட்டிக் கிடக்குன்னு நீங்க சொல்லலியே அண்ணாச்சி" என்றார் குரு. "இல்லைன்னுல்லா சொன்னிய."

"ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்? எப்படியும் கறிவேப்பிலை வரலை."

"பெரியவர் உங்கள நல்லாத்தான் வளத்திருக்காரு."

அடைக்கலம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

"அது போகட்டும் டீச்சர். காலையில ஒரு கேள்வி கேட்டேனே?"

"பதிலு ரசத்துல இருந்துச்சே. குடிச்சியள்ளா?"

அடைக்கலம் மறுபடி சிரித்தார். குருவுக்கு விளையாட்டுப் புத்தி அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு நல்ல நாளில் மாற்றம் நடந்தது. ஆரல்வாய்மொழியில் உட்கார்ந்தபடியே சங்கத்தின் பதிவுகளைப் பெரியவரிடமிருந்து யானைக்கு மாற்றினார் அடைக்கலம். இந்தத் தடவை நாடா பார்த்தார். பேக்கப் எடுத்து, பிரித்து, வேறு மெஷினில் இறக்கிப் பார்த்தார். இங்கே எத்தனை பேர், அங்கே எத்தனை பேர் என்று ஒப்பிட்டார். ஒருவர்கூடக் குறையவில்லை. குரு பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றார். 

சங்கம் வழக்கம்போல், ரத்தம் எடுக்காமல் வகை பார்த்துப் பெயர் மட்டும் பதிகிற முகாம்கள் நடத்தியது. புதிய ஆட்கள் நேராக யானையிடமே பதிவானார்கள். எல்லாம் ஒழுங்காக ஓடியது. அடைக்கலம் துணி மடிக்க ஆரம்பித்தார்.

கிளம்புகிற அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

"டீச்சர், உத்தரவு கொடுக்கணும்."

"மதினிக்கு என்ன வாங்கிட்டுப் போறிய?"

"உமையாளுக்கு அந்த மாதிரி ஆசையெல்லாம் இல்லை."

"கேட்டியளா?"

அடைக்கலம் வாயைத் திறந்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. சங்கத்தில் போன் பார்க்கிற சிக்கந்தர். முகாம்களில் பதிவு செய்கிறவனும் அவன்தான்.

"அண்ணே, பரமக்குடி ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு. தலைப் பிரசவம். ஆபரேஷன் பண்ணணுமாம். பாம்பே குரூப்பு. நம்ம மெஷின்ல தேடுனா ஒருத்தரும் இல்லைங்குது."

பாம்பே குரூப் என்பது பிடிவாதக்கார ரத்தம். எல்லாருக்கும் கொடுக்கலாம் என்கிற ஓ வகையைக்கூட வாசலில் நிறுத்திவிடும். தன் வகையைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் அதிகம்.

"இல்லைன்னா இல்லைதான் சிக்கந்தர். மதுரையில கேட்டுப் பாரு."

"கேட்டாச்சு. அங்க கைவசம் இல்லையாம். இருட்டுறதுக்குள்ள வேணும்கிறாங்க. ஆனா அண்ணே, எப்படி இல்லாமப் போகும்? போன வாரம் தொண்டி முகாம்ல ரெண்டு பேரை நானே என் கையால ஏத்துனேனே! அக்காவும் தம்பியும். ரெண்டு பேருமே பாம்பே குரூப்பு. இப்படியும் ஒரு குடும்பமான்னு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கூடுதலாக் குடுத்தேன்."

அடைக்கலம் வாசலிலிருந்து அறைக்கு நடந்தது அவருக்கே நினைவில்லை. செருப்போடு உள்ளே போயிருந்தார். குரு பின்னால் வந்தார். 

சிக்கந்தர் சொன்ன பெயர்களைப் போட்டுத் தேடினார். ராயப்பன், பரமக்குடி. செசிலி, தொண்டி. இருந்தார்கள்.

ரத்த வகையைப் போட்டுத் தேடினார். இருந்தார்கள்.

சங்கம் எப்போதும் தேடுகிற மாதிரி, 'இந்த ரத்த வகை, பழைய நோய் எதுவும் குறிக்காதவர்' என்று தேடினார். ஒருவருமில்லை.

"இருக்காங்க டீச்சர். ஆனா இல்லை. பெரியவர்கிட்ட இதே கேள்வியைத்தான் இத்தனை காலமும் கேட்டேன். ஒருநாளும் இப்படி ஆனதில்லை."

குரு அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். "நோய் குறிச்சவங்கள்ல தேடிப் பாருங்க."

தேடினார். அக்காவும் தம்பியும் அங்கே நின்றார்கள்.

"என்ன நோய் போட்டிருக்கு?"

அடைக்கலம் திரைக்கு மிக அருகில் குனிந்தார். நோய் என்ற கட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை.

"ஒண்ணும் போடலையே. வெறுமையா இருக்கு."

 போனில் சிக்கந்தர் "அண்ணே, அண்ணே" என்றான். பிறகு அடைக்கலம் மெதுவாகத் திரும்பிக் குருவைப் பார்த்தார்.

"கறிவேப்பிலை" என்றார்.

"ம்."

"வெறுந்தாளை மடிச்சு ஒரு பெட்டிக்குள்ள போட்டா, பெரியவர் பெட்டி காலின்னு சொல்வாரு. யானை அப்படிச் சொல்லாது. எழுதலைன்னாலும் தாள் ஒண்ணு உள்ள கிடக்குன்னு சொல்லும். பழைய ஆட்களோட பெட்டி நிஜமாவே காலி. அதனால அகப்பட்டாங்க. புதுசா வந்தவங்களுக்கெல்லாம் சிக்கந்தரோட மெஷின் வெறுந்தாளைப் போட்டிருக்கு. நான் பெட்டி காலியா இருக்கிற ஆளா பாத்துத் தேடிட்டு, யாருமே இல்லைன்னுட்டேன்."

"சரி, கேள்வியத் திருத்துங்க."

திருத்தினார். பெட்டி காலியாக இருந்தாலும் சரி, உள்ளே வெறுந்தாள் இருந்தாலும் சரி என்று அடித்தார். நாடா பார்த்துவிட்டுத்தான் அடித்தார். இரண்டு பெயர்களும் வந்து நின்றன.

"சிக்கந்தர்! அகப்பட்டுட்டாங்க!"

"அல்லா! ராயப்பன் பரமக்குடியிலயே இருக்காருண்ணே. இப்பவே ஆட்டோ அனுப்புறேன்."

"அண்ணாச்சி" என்றார் குரு. "அந்த வெறுந்தாளு என்ன சொல்லுது?"

"நோய் எதுவும் இல்லைன்னு."

"தாளு சொல்லுதா, நீங்க சொல்லுதியளா?"

அடைக்கலத்தின் கை கீபோர்டின்மேல் நின்றது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சிக்கந்தர், இரு. ஆட்டோ அனுப்பாதே. முகாம்ல இவங்ககிட்ட பழைய நோய் பத்திக் கேட்டியா?"

மறுமுனையில் சிக்கந்தர் "அது வந்துண்ணே" என்று இழுத்தான்.

"கேட்டியா இல்லையாப்பா?"

"கூட்டமா இருந்துச்சுண்ணே. சில பேரைக் கேட்டேன். இல்லைன்னாங்க, அந்தக் கட்டத்தைச் சும்மா விட்டுட்டேன். சில பேரைக் கேக்க நேரமில்லை. அப்பவும் சும்மாதான் விட்டேன். இவங்க எதுல சேர்த்தின்னு... ஞாபகம் வரலைண்ணே. நாம எப்பவும் அப்படித்தானே செய்வோம்? நீங்கதானே 'ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் எழுதாதே'ன்னு சொல்லிக் கொடுத்தீங்க?"

அது உண்மை. அடைக்கலம் அந்த அழைப்பை வைத்துவிட்டு ராயப்பனைக் கூப்பிட்டார்.

ராயப்பன் விஷயத்தைக் கேட்டதும் சட்டை மாட்டுகிற சத்தம் போனிலேயே கேட்டது. "இந்தா வந்துட்டேன் சார். பைக்குச் சாவி எங்க வச்சேன்னு பாக்கிறேன்."

"தம்பி, ஒரு நிமிஷம். உங்களுக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது பெரிய நோய் வந்திருக்கா?"

"போன வருஷம் மஞ்சக்காமாலை வந்துச்சு சார். கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சேன். ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சோதிச்சுட்டு ஏதோ பி-ன்னாங்க. இன்னும் மாத்திரை சாப்பிடுறேன். ஏன் சார்? முகாம்ல யாரும் கேக்கலையே?"

அடைக்கலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, அது ரத்தத்துல பரவுற நோய். நீங்க கொடுக்க முடியாது. நீங்க போய், அங்க சோதிச்சுப் பாத்து வேண்டாம்னு சொல்லும்போது பொழுது போயிருக்கும்."

"அய்யோ." ராயப்பனின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எங்க அக்காவுக்குப் போடுங்க சார். அவளைக் கண்டா நோயே சந்து மாறிப் போயிரும்."

செசிலி தொண்டியில் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவர். பின்னணியில் விசில் சத்தத்தோடு பேசினார். அடைக்கலம் இந்தத் தடவை வணக்கத்துக்கு முன்பே கேள்வியைக் கேட்டார். மஞ்சள்காமாலை? இல்லை. ஊசி, ஆபரேஷன்? இல்லை. இப்போது மாத்திரை எதுவும்? இல்லை. ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'கேட்டேன், இல்லை என்றார்' என்று எழுத்தால் எழுதினார்.

"வேற எதாவது உண்டாம்மா?"

"கோவம் ஒண்ணு உண்டு சார். அதுக்கு உங்க மெஷின்ல கட்டம் இருக்கா?"

"இல்லை... இருங்க, பாத்துச் சொல்றேன்."

"நீங்க பாத்துக்கிட்டு இருங்க. நான் பைக்கை எடுத்துட்டேன்."

அதன்பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அடைக்கலம் வாசல் படியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் வந்தது. போனது. காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. குரு ஒரு தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். ரசத்தில் கறிவேப்பிலை மிதந்தது. அடைக்கலம் ஒரு வாய் வைத்தார். தட்டை மடியில் இறக்கினார்.

"டீச்சர், நான் அந்த ஆட்டோவை அனுப்பியிருந்தா?"

"சாப்பிடுங்க அண்ணாச்சி."

"நீங்க அன்னைக்கே நேராச் சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா எழுதி வச்சிருப்பிய. பூட்டுன வீட்டத் தட்டியிருப்பியளா?"

அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

வெயில் மலைக்குப் பின்னால் சரிய ஆரம்பித்தபோது சிக்கந்தர் கூப்பிட்டான். முதலில் கொஞ்சநேரம் அழுதான். பிறகுதான் செய்தி வந்தது. செசிலி அக்கா புயல் மாதிரி வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, சரியென்று எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. தாய் கண் விழித்து, யார் ரத்தம் கொடுத்தது என்று கேட்டிருக்கிறாள். செசிலி அக்கா இப்போது ஆஸ்பத்திரிக் கான்டீனில் டீ ஆறிப்போயிருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அடைக்கலம் போனை வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். குரு வேறெங்கோ பார்த்தபடி, "இந்தக் காத்துல கண்ணுல தூசி விழாம இருக்குமா" என்றார்.

ஊருக்குப் போகிற பெட்டியை அடைக்கலமே திரும்ப உள்ளே தூக்கி வைத்தார். அறைக்குள் போய் உட்கார்ந்தார். நாடாவைப் பார்த்தார். பெரியவர் காலத்திலிருந்து வந்த ஆட்களில், நோய்க் கட்டம் காலியாக இருக்கிறவர்களைக் காட்டு என்று யானையிடம் கேட்டார்.

பெயர்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. திரை உருண்டு உருண்டு மேலே போயிற்று.

"இவங்க எல்லாரையும் நல்ல ஆரோக்கியமானவங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

குரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதுல எத்தன பேரக் கேட்டிருக்கிய, எத்தன பேரக் கேக்கல?"

அடைக்கலம் வழக்கமான பதிலுக்காக வாயைத் திறந்தார். மூடினார். வெளியே காற்று கொல்லைக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது.

"தெரியாது டீச்சர்."

குரு அவர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க அண்ணாச்சி. கேக்க நல்லாருக்கு."

"தெரியாது." அடைக்கலமும் சிரித்துவிட்டார். "தெரியாது, தெரியாது, தெரியாது. போதுமா?"

"போதும்."

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கத்தான் வேணும். வேற வழியில்லை. சிக்கந்தர் பாதி, நான் பாதி." போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. "இவ்வளவு பேர் இருக்காங்களே டீச்சர். யார் நம்பர்லருந்து ஆரம்பிக்கட்டும்?"

குழல்வாய்மொழி எழுந்தார். காலித் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உங்க வீட்டு நம்பர்லருந்து" என்றார்.